சுவரறிந்து ஆணியடித்தல்

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும், புது வீட்டில் பால் காய்ச்சிய மறுநாளே சுத்தியலைத் தேடத் தொடங்கிவிடும். நாட்காட்டிக்கு ஓர் ஆணி, முருகன் படத்துக்கு ஓர் ஆணி, மறைந்த பெரியோர் படத்துக்கு ஓர் ஆணி, அடுக்களையில் சம்புடங்களை வரிசையாக வைக்க ஒரு பலகை, சட்டை மாட்ட ஒரு கொக்கி என்று தேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அவற்றையெல்லாம் தாங்கவேண்டிய சுவரைப் பற்றியும், அதில் ஒரு பொருளைப் பொருத்தும் முறை பற்றியும் நம் அன்பர்களுக்குச் சில சொல்ல விழைகின்றேன். நான் ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவனல்லன். பொறியியல் அறிந்தவனும் அல்லன். ஆயினும் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. என் கையாலேயே நான் அடித்த ஆணிகள் ஓர் இரவில் என்னைக் கைவிட்டன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். லேக் மார்க்கெட்டுக்குச் சற்றுத் தொலைவில், பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் நாங்கள் குடியேறிய புதிது. சுவாமி படங்கள் வைக்க மூன்றடி நீளப் பலகை ஒன்றை வாங்கி, இரண்டு இரும்புத் தாங்கிகளின்மேல் அமர்த்தி, தாங்கிக்கு மூன்றாக ஆறு எஃகு ஆணிகளை அடித்து முடித்தேன். ஆணி ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். அடிக்கும்போது எளிதாகவே உள்ளே சென்றன. அவ்வளவு எளிதாகச் சென்றதே எனக்கு ஐயம் எழுப்பியிருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது. பலகைமேல் படங்கள், என் தாயார் கொடுத்தனுப்பிய பித்தளைக் குத்துவிளக்கு, நீர்ச் செம்பு, ஒருபுறம் புத்தகக் கட்டு ஆகியன ஏறின. பன்னிரண்டு நாள் நின்றது. பதின்மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குப் பலகையும் தாங்கியும் சுவர்ப் பூச்சும் ஒருசேரக் கீழே வந்தன. பலகைக்கு நேர்கீழே நாள்தோறும் உறங்குபவள் எங்கள் நான்கு வயது மகள். அன்று அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தமையால் என் மனைவி அவளை அடுத்த அறையில் தன் அருகே கிடத்தியிருந்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது குத்துவிளக்கின் முனை குழந்தையின் தலையணையைக் கிழித்துக்கொண்டு பாயைத் தொட்டிருந்தது. நானும் என் மனைவியும் ஒருவரோடொருவர் பேசவில்லை. விடியும்வரை அந்த அறைக்குள் மறுபடி போகவும் இல்லை.

ஓசை கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மையார் இறங்கி வந்தார். வங்க வழக்கப்படி அவரை நாங்கள் ‘மாசிமா’ என்று அழைப்போம். அவர் முதலில் கேட்டது குழந்தையை. பிறகே சுவரைப் பார்த்தார். இரண்டு முழ அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது. சினந்து பேசுவார் என அஞ்சி நின்றேன். “இந்தச் சுவர் என்னைவிட மூத்தது, பாபா. பல் ஆடிப்போன வாயில் கரும்பைக் கொடுத்தால் கடிக்குமா? அடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். மறுநாள் காலை தமக்குத் தெரிந்த முதிய மிஸ்திரி ஒருவரை அனுப்பிவைத்தார். நான் கீழே எழுதப்போவதில் பாதி அந்த மிஸ்திரி வாயிலாகக் கற்றது. மீதி, அதன்பின் ஆர்வம் மிகுந்து நானே தேடிப் படித்தும் துளைத்துப் பார்த்தும் அறிந்தது.

மிஸ்திரி முதலில் செய்த வேலை, விழுந்த ஆணி ஒன்றைப் பெயர்ந்த பூச்சின்மேல் வைத்து அளந்து காட்டியதுதான். பூச்சின் கனம் ஒன்றேகால் அங்குலம். ஆணியோ இரண்டு அங்குலம். தாங்கியின் தகடு சிறிது போக, செங்கல்லுக்குள் சென்றது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. அதிலும் இரண்டு ஆணிகள் செங்கல்லில் இறங்காமல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தில் இறங்கியிருந்தன. ஆக, என் சுவாமி பலகையை இதுகாறும் தாங்கி நின்றது பெரும்பாலும் பூச்சே. பூச்சு என்பது சுவர் உடுத்த ஆடை. அது பாரம் சுமக்காது. எந்தப் பொருத்தும் கருவியாயினும் அது பற்ற வேண்டிய இடம் பூச்சுக்கு அப்பால் உள்ளது.

கொல்கத்தாவின் பழைய வீடுகளின் சுவர் எப்படிப்பட்டது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஹூக்ளி ஆற்றங்கரை வண்டல் மண்ணைச் சுட்டு எடுத்த செங்கல்லும், சுண்ணாம்பும், செங்கல்லை இடித்த தூளாகிய சுர்க்கியும் சேர்ந்து எழுந்தவை அவை. சுர்க்கி என்றதும் ஏதோ வங்காளத்துப் புதுமை என்று நினைக்கவேண்டா. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட நம் முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தினால் எழுந்ததே. சாந்து தாழ்ந்தது என்பது என் கருத்தன்று. அழுத்தும் பாரத்தைச் சுண்ணாம்புச் சாந்து நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். ஆனால் ஓரிடத்தில் முனையை இறக்கி வெளியே இழுத்தால் பொடிந்துவிடும். நாம் சுவரில் ஆணியடித்துப் பாரம் ஏற்றுவது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இச்சுவர்களின் பருமன் பத்து, பதினைந்து, இருபது அங்குலம்கூட உண்டு. நடுவில் தடுப்புக்காக எழுப்பியது மட்டும் ஐந்து அங்குலமோ அதற்கும் குறைவோ இருக்கும். பாரமான பொருளைத் தடுப்புச் சுவரில் ஏற்றாதிருப்பது நலம்.

இந்நகரின் மற்றொரு தொல்லை ஈரம். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. நிலத்தடி நீரும் மேலேயே நிற்கிறது. கீழ்த்தளச் சுவர்கள் அந்நீரைத் திரிபோல் உறிஞ்சி மேலேற்றும். நீரோடு ஏறிய உப்பு, நீர் உலர்ந்தபின் சுவரின் முகத்தில் வெண்பொடியாகப் பூக்கும். வங்காளிகள் இதனை ‘நோனா’ என்பர். நோனா பிடித்த இடத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். சாதாரண இரும்பு ஆணி ஓரிரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட இடம் அதிகம் பிடிக்குமாதலால் சுற்றியுள்ள பூச்சையும் வெடிக்கச் செய்யும். 2020-ஆம் ஆண்டு மே 20-இல் வீசிய ஆம்பான் புயலுக்குப் பின் எங்கள் பழைய வீட்டு மேற்குச் சுவர் பல மாதங்கள் உலரவே இல்லை. ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒரு முழச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுக. தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருடையது. அறைப்பக்கம் நின்றால் காற்றினுடையது. சுவருடைய ஈரமாயின் அங்கே பாரம் எதனையும் ஏற்ற வேண்டா. நாட்காட்டியோடு நிறுத்திக்கொள்க.

சுவரின் இயல்பை அறிய மிஸ்திரி எனக்குக் காட்டிய சோதனை இரண்டு. முதலாவது, விரல் மொளியால் தட்டிக் கேட்பது. ‘திண்’ணென்று ஒலித்தால் பூச்சு சுவரைப் பற்றியிருக்கிறது, ‘பொத்’தென்று ஒலித்தால் பூச்சு உள்ளே விலகி நிற்கிறது. இரண்டாவது, துளையிடும்போது உதிரும் தூளைப் பார்ப்பது. இதை நான் மிகவும் மெச்சுகின்றேன்; சுவர் தன் குலத்தைத் தானே சொல்லிவிடுகிறது. வெள்ளையும் சாம்பலுமான நுண்தூள் வருமளவும் டிரில் பூச்சில்தான் இருக்கிறது. பிறகு கரகரப்பான செந்தூள் வந்தால் செங்கல்லை அடைந்துவிட்டோம். முகப்பவுடர் போன்ற மென்மையோடு இளஞ்சிவப்பாக வந்தால் அது செங்கல்லன்று, சுர்க்கிச் சாந்து. ஓரங்குலம் மேலோ கீழோ தள்ளி மறுபடி துளைக்க வேண்டும். டிரில் முன்செல்ல மறுத்து, சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் அது கான்கிரீட்டுத் தூணோ உத்தரமோ ஆகும். வெண்தூள் மாவுபோல் குவிந்து, டிரில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால், இக்காலத்து அடுக்ககங்களில் பயன்படும் இலேசான காற்றறைக் கட்டி அது.

இனி, ஆணி ஏன் போதாது என்பதைப் பார்ப்போம். மரத்தில் ஆணியடித்தால் மரநார் விலகி இடம் கொடுத்து, பின் ஆணியை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். செங்கல்லுக்கு நாரில்லை, அது விலகாது, நொறுங்கும். எங்கள் ரயில் பாதையிலேயே இதற்கு ஒப்புமை காணலாம். மரக்கட்டைகளின்மேல் தண்டவாளம் பதித்த காலத்தில் முளையாணியை நேரே மரத்தில் அடித்து இறக்கினர். கான்கிரீட்டுக் கட்டைகள் வந்தபின் அவ்வாறு அடிக்க இயலாது. ஆகவே கட்டையை வார்க்கும்போதே இரும்புச் செருகு ஒன்றை உள்ளே பதித்து, அதில் வில்போன்ற கவ்வியை மாட்டித் தண்டவாளத்தைப் பிடிக்கச் செய்தனர். கடினமான பொருளில் முதலில் ஓர் இடைப்பொருளைக் குடிவைத்து, பின்பு அதனைப் பற்றிக்கொள்வது என்பதே இதன் சூழ்ச்சி. வீட்டுச் சுவரில் அந்த இடைப்பொருளாக இருப்பது ‘பிளக்’ என்று நாம் வழங்கும் சிறு குழல்.

இந்தப் பிளக்கின் வரலாறு நம் ஊரோடு தொடர்புடையது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. முற்காலத்தில் சுவரை உளியால் கொத்திக் குழி செய்து, அதில் மரக்கட்டையை இறுக்கி, கட்டையில் திருகாணியை முடுக்குவதே உலகெங்கும் வழக்கம். நம் ஊர்களிலும் இன்றுவரை மின்வேலை செய்வோர் சிலர் ‘கட்டை அடிப்பது’ என்று இதனைத்தான் செய்கின்றனர். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மின்சாதனங்களைச் சுவர் சிதையாமல் பொருத்தவேண்டிய பணி ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவரிடம் வந்தது. பெரிய குழி தோண்டினால் அருங்காட்சியகத்தின் அழகு கெடும். அவர் சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிச் சிறு குழல்களாகச் செய்து, சிறு துளையில் செருகித் திருகாணியை முடுக்கினார். திருகாணி புகப்புக நார் விரிந்து துளையின் சுவரை நெருக்கிப் பிடித்தது. 1911-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அவர் பெயரை ஒட்டியே அது ‘ராவல் பிளக்’ ஆயிற்று. அந்நாளில் உலகச் சந்தைக்குச் சணல் கொடுத்தது பெரும்பாலும் வங்காளமே. ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் 1855-இல் முதல் சணல் ஆலை எழுந்ததும், பின்னர் அக்கரை இக்கரை இரண்டிலும் ஆலைகள் நிறைந்ததும் இங்குள்ள அன்பர்கள் அறிந்ததே. நம் ஊர்ச் சணல், கடல் கடந்து சென்று சுவரில் புகுந்து திரும்பிவந்தது போலும்! பின்னர் 1958-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்ட்டூர் ஃபிஷர் என்பவர் நைலானால் பிளக் செய்தார். முன்பாதி இரண்டாகப் பிளந்து, பக்கங்களில் பற்களோடு, துளைக்குள் சுழலாமலிருக்கச் சிறு இறகுகளோடு கூடிய அவ்வடிவமே இன்று நாம் கடையில் காணும் சாம்பல் நிறப் பிளக்குகளுக்கு முன்னோடி. அவர் 2016-இல் மறைந்தார்.

கடை என்றதும் நினைவுக்கு வருகிறது: புதிதாக வந்த அன்பர்கள் இங்குள்ள இரும்புக் கடையில் ஆணியைப் ‘பெரேக்’ என்றும், திருகாணியை ‘இஸ்க்ருப்’ என்றும், சுவரைத் ‘தேவால்’ என்றும் கேட்கவேண்டும். ராவல் பிளக் என்று நான் கேட்டபோது கடைப்பையன் விழித்து, பிறகு முகமலர்ந்து, “ஓ, ராயல் பிளக்!” என்றான். அரச மரியாதையோடு கேட்டால்தான் அது கிடைக்கும் போலும். டிரில் எந்திரம் முதலிய கருவிகளுக்குச் சாந்தினி சௌக் சந்தைக்கு ஒருமுறை சென்று வருவது தகும். விலை பேசத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்க.

அளவு பற்றிய கணக்கு மிக எளிது. பிளக்கின்மேல் 6, 8, 10 என்று எழுதியிருக்கும் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. 6-க்கு ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் கனத் திருகாணி. 8-க்கு நாலரை முதல் 6. 10-க்கு 6 முதல் 8. பொதுவாக 6 எண் பிளக் 30 மில்லிமீட்டர் நீளமும், 8 எண் 40-உம், 10 எண் 50-உம் இருக்கும். படங்களுக்கும் சிறு கொக்கிகளுக்கும் 6 போதும். அலமாரிப் பலகைக்கு 8. இதற்குமேல் வேண்டுவோர் மிஸ்திரியை அழைப்பது மேல். திருகாணி மிக மெல்லியதாயின் பிளக் விரியாது. விரியாத பிளக் சுவரில் வெறுமனே அமர்ந்திருக்கும் விருந்தாளிதான்.

நீளத்தில்தான் பலர் தவறுகின்றனர், நானும் தவறினேன். பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் பூச்சு 30 மில்லிமீட்டர் என்றேன். 8 எண் பிளக்கின் 40-ஐக் கூட்டினால் 70. திருகாணியின் முனை பிளக்கைத் தாண்டிச் சிறிது வெளிவந்தால்தான் பிளக் முற்றும் விரியும். தாங்கித் தகட்டின் கனத்தையும் சேர்த்தால் மூன்று அங்குலத்துக்குக் குறையாத திருகாணி வேண்டும். துளை எட்டரைச் சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். நான் அடித்ததோ இரண்டங்குல ஆணி! புதிய வீடுகளில் பூச்சு இதில் பாதிதான் இருக்கும். அங்கே இரண்டு அல்லது இரண்டரை அங்குலம் போதுமானது.

துளையிடும் முறை குறித்துச் சில சொல்வேன். டிரிலில் சுத்தியலோட்டம் என ஒரு விசை உண்டு. அது கான்கிரீட்டுக்கு உரியது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரிலும் காற்றறைக் கட்டியிலும் அதை நிறுத்திவிட்டுச் சுழற்சி மட்டும் வைத்துத் துளைக்கவேண்டும். இல்லையேல் 8 மில்லிமீட்டர் துளை பத்தாகிப் பிளக் உள்ளே சுழலும். பிட்டில் வேண்டிய ஆழத்துக்கு ஒட்டுநாடாவைச் சுற்றி அடையாளம் செய்துகொள்க. துளைத்தபின் உள்ளே தங்கிய தூளை மிதிவண்டிக் காற்றடிக்கும் பம்பால் ஊதி வெளியேற்றவேண்டும். தூள் இருந்தால் பிளக் தூளைத்தான் பற்றும், கல்லைப் பற்றாது. ஊதும்போது கண்ணைக் காத்துக்கொள்க. வாயால் ஊதி இரண்டு நாள் கண்சிவந்து அலுவலகத்தில் நின்றவன் சொல்கிறேன்.

மின்கம்பியைப் பற்றி எச்சரிக்காமல் விடலாகாது. மிகப் பழைய வீடுகளில் கம்பி மரச்சட்டத்தின்மேல் வெளியே ஓடும், கண்ணுக்குத் தெரியும். புது வீடுகளில் சுவருக்குள் குழாய் வழியே ஓடும். சுவிட்சுப் பலகைக்கு நேர்மேலும் நேர்கீழும், அதன் மட்டத்தில் இடவலமாகவும் துளைக்கவே கூடாது. குளியலறைக்கும் அடுக்களைக்கும் பின்சுவரில் நீர்க்குழாயும் அவ்வாறே. துளைக்கும்போது மெயின் சுவிட்சை நிறுத்தலாமே என்பர்; நிறுத்தினால் டிரில் ஓடாது. மின்கலத்தால் ஓடும் டிரில் கிடைத்தால் இந்த இடர்ப்பாடு இல்லை.

பலகையின் பாரம் பற்றி நம்மவர் எண்ணுவது பெரும்பாலும் தவறு. இருபது கிலோ வைத்தால் சுவரும் இருபது கிலோதான் தாங்குகிறது என எண்ணுகின்றோம். ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் அகலப் பலகையின் நடுவில் அந்த இருபது கிலோ இருப்பதாகக் கொள்வோம். தாங்கியின் நெடுங்கை 20 சென்டிமீட்டர். அப்போது மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை பதினைந்து கிலோ. அதே பொருளைப் பலகையின் முன்விளிம்பில் வைத்தால் முப்பது கிலோ. நெடுங்கை பாதியாகிப் பத்துச் சென்டிமீட்டரானால் அறுபது! ஏற்றக்கோலில் கல்லைத் தூக்கும் அதே கணக்குத்தான். ஆகவே நெடுங்கை நீண்ட தாங்கியை வாங்குக. கனமான பொருளைச் சுவரை ஒட்டி வைக்க. நான் குத்துவிளக்கை, விளக்கேற்ற வசதியாக இருக்குமென்று முன்விளிம்பில் வைத்திருந்தேன். ஓரடி நீளத்துக்கு அடுக்கிய புத்தகங்கள் ஆறேழு கிலோ நிற்கும் என்பதும், பத்து லிட்டர்க் குடத்தில் நீர் மட்டுமே பத்துக் கிலோ என்பதும், பதினைந்து லிட்டர்க் கீசர் நீரோடு சேர்ந்து இருபது கிலோவைத் தாண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எங்கள் சுவரில் மிஸ்திரி செய்தது வேறொரு முறை. சுவர் தளர்ந்தது என்பதை அறிந்தவராதலால், நான்கங்குல அகலத் தேக்குச் சட்டம் இரண்டைச் சுவரில் கிடையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு இடத்தில் நல்ல செங்கல் பார்த்துத் துளைத்து, துத்தநாகப் பூச்சுள்ள திருகாணிகளால் பிணித்தார். தாங்கிகளைச் சுவரில் பொருத்தாமல் அச்சட்டங்களில் பொருத்தினார். பாரம் பன்னிரண்டு இடங்களுக்குப் பிரிந்து போயிற்று. ஒன்று தளர்ந்தாலும் மற்றவை தாங்கும். விழும்முன் கண்ணுக்குத் தெரியும். பலகையை ஏற்றியபின் தாமே அதன் விளிம்பில் தொங்கிப் பார்த்துச் சிரித்தார். அதற்குக் கீழே யாரும் உறங்குவதில்லை என்று இப்போது வைத்திருக்கின்றோம். அது மிஸ்திரியின் முறையன்று, என் மனைவியின் ஆணை.

ராஜர்ஹாட்டு, நியூ டவுன் பக்கத்து அடுக்ககங்களில் வாழும் அன்பர்களுக்குச் சுருக்கமாக. தூணும் உத்தரமும் கான்கிரீட்டு. அங்கே சுத்தியலோட்டத்தோடு துளைக்கலாம். உள்ளே கம்பி தட்டுப்பட்டால் வலிந்து துளைக்காமல் இடம் மாற்றுக. காற்றறைக் கட்டியில் நீளமான பிளக்கையே பயன்படுத்துக. ஜிப்சம் பலகைத் தடுப்பாயின் உள்ளே வெற்றிடம். மறுபுறம் சென்று விரியும் வகைப் பிளக் தனியே விற்கிறது. ஓடு பதித்த இடத்தில் வழுக்காமலிருக்க ஒட்டுநாடாவை ஒட்டி அதன்மேல் மெதுவாகத் துளைக்கத் தொடங்குக. ஒட்டும் கொக்கிகள் ஓட்டிலும் கண்ணாடியிலும் நன்கு நிற்கும். சுண்ணாம்படித்த சுவரில் சுண்ணாம்போடு கழன்று வரும்.

இவ்வளவும் சுவருக்கு. கூரைக்கு நியாயம் வேறு. சென்ற ஆண்டு எங்களுக்கு இரண்டாம் குழந்தை பிறந்தது. பேரனைப் பார்க்க வந்த என் தாயார், வந்த மூன்றாம் நாளே, “தம்பி, பிள்ளைக்குத் தொட்டில் கட்டவில்லையா? பழம்புடவை இரண்டு கொண்டுவந்திருக்கிறேன், ஒரு கொக்கி மாட்டிக்கொடு” என்றார். எனக்குப் பழைய இரவு நினைவுக்கு வந்தது. டிரிலும் பிளக்கும் கையில் இருந்தும் கை ஓடவில்லை, அது நல்லதாயிற்று. கூரையில் பிளக் வைத்து நேர்கீழாக இழுக்கும் பாரத்தை, அதுவும் ஆடும் பாரத்தை, ஒருபோதும் தொங்கவிடலாகாது என்று மிஸ்திரி கண்டித்துச் சொன்னார். ஆடும்போது, தொட்டில் தாழ்நிலைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கயிறு குழந்தையின் எடைக்கு மேலான விசையைத் தாங்குகிறது. கான்கிரீட்டுக் கூரையாயின், வார்க்கும்போதே கம்பியோடு பிணைத்துப் பதித்த கொக்கி ஒன்றே தொட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் மின்விசிறிக்கும் உரியது.

எங்கள் வீட்டுக் கூரையோ வங்காளத்துப் பழைய முறைப்படி ‘கடி’ என்னும் பெரிய உத்தரமும், அதன்மேல் குறுக்கே ‘பர்கா’ என்னும் சிறு சட்டங்களும் பரப்பி அமைத்தது. மர உத்தரம் நடுவில் திண்மையாகத் தோன்றினும், சுவருக்குள் புகும் முனையில் ஈரத்தாலும் கரையானாலும் உளுத்திருக்கக் கூடும். மிஸ்திரி ஏணியில் ஏறி முனைகளைக் கூரிய கம்பியால் குத்திப் பார்த்தார். முன்னறை உத்தரத்தில் கம்பி அரையங்குலம் இறங்கியது, அதனை விட்டுவிடச் சொன்னார், மாசிமாவிடமும் தெரிவித்தார். உள்ளறை உத்தரம் இரும்பு. அதனைத் துளைக்காமல், சுற்றி வளைத்துப் பற்றும் இரும்புக் கவ்வி ஒன்றைக் கொல்லரிடம் செய்வித்து மாட்டினார். ஐம்பது கிலோ அரிசி மூட்டையை அதில் கட்டி ஓரிரவு முழுதும் தொங்கவிட்டோம். என் தாயார் அதனைப் பார்த்து, “நாலு கிலோப் பிள்ளைக்கு இத்தனை சோதனையா?” என்றார். தலையணையின் கதையை நாங்கள் அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னோம். பிறகு அவரே மூட்டையைப் பிடித்து நாலு முறை ஆட்டிப் பார்த்தார்.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25, சனிக்கிழமை நண்பகல், நேப்பாளத்து நிலநடுக்கம் இந்நகரிலும் உணரப்பட்டது. அன்று என் அறையில் நின்றுகொண்டிருந்த மின்விசிறி தானே ஆடியது இன்றும் கண்முன் நிற்கிறது. ஆகவே கனமான படங்களைத் தலையற்ற ஆணியில் வெறுமனே சாய்த்து மாட்டாமல், வளைந்த கொக்கித் திருகாணியில் மாட்டுவதை வழக்கமாக்கிக் கொண்டேன். கட்டிலுக்கு மேல் கண்ணாடியிட்ட படம் எதுவும் இப்போது எங்கள் வீட்டில் இல்லை.

இடமாற்றம் வந்து வீடு காலிசெய்வோர்க்கு ஒரு செய்தி. பிளக்கைச் சுவரில் விட்டுவிட்டுப் போகவேண்டா. பிளக்கில் திருகாணியை நாலைந்து சுற்று மட்டும் முடுக்கி, அதன் தலையைக் குறட்டால் பற்றி நேராக இழுத்தால் பிளக் கூடவே வந்துவிடும். துளையைச் சற்று நனைத்து, சுவர்ப் புட்டியால் நிரப்பி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் வீட்டுக்காரர் மனமும் நிறையும், முன்பணமும் குறையாமல் திரும்பும்.

என் தந்தையார் படம் இன்னும் மேசைமேல் சாய்ந்தே இருக்கிறது. அதற்கென்று நான் தேர்ந்த சுவரில் பாலித்தீன் தாளின் உட்புறம் நீர்த்துளி நின்றது. கார்த்திகை பிறந்து சுவர் உலர்ந்தபின் மறுபடி ஒட்டிப் பார்க்க எண்ணியிருக்கின்றேன். அன்பர்கள் யாருக்கேனும் டிரில் எந்திரம் தேவைப்படின் ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தில் என்னைக் கண்டு பெற்றுச் செல்லலாம். பிட்டை மட்டும் தாமே வாங்கி வரவேண்டும். முன்னர் கொடுத்த இரண்டு எனக்குத் திரும்பவில்லை.